ராங்கிக்காரி என்றொரு பாஸ்வேர்டு

அப்பா பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை. அம்மா போன பிறகும், பிள்ளைகள் யார் வீட்டுக்கும் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தனியாக விட மனம் வராமல் அண்ணன் அவர் வீட்டுக் கூடத்தில், போனிலிருந்தே பேசவும் வசதியுள்ள ஒரு கேமரா மாட்டினான். அவனும் நானும் அவரவர் ஊரிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டோம். அப்பாவுக்கு மறக்கக் கூடாதே என்று, அவர் அம்மாவைச் செல்லமாகக் கூப்பிட்ட ‘ராங்கிக்காரி’யையே பாஸ்வேர்டாக வைத்தான்.

வினை அங்கேதான் வந்தது. பெண்டாட்டி பெயரில் பூட்டு என்றால் மனுஷனுக்குப் பெருமை தாங்குமா? தண்ணீர் கேன் போடுபவர், குழாய் ரிப்பேர்காரர், அரட்டைக்கு வரும் பழைய டிரைவர் என்று கேமராவை அண்ணாந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கணக்கைத் திறக்க இன்னொன்றும் வேண்டும், அவருடைய போன் நம்பர். அது தெருவுக்கே தெரியும்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேமரா பேசியது.

“பெருசு, தட்டுல என்ன? எனக்கு இல்லையா?”

முன்பின் கேட்டிராத குரல். கூடவே நாலைந்து பேர் சிரிப்பு. அப்பா கேமராமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார். அதுவரை அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. சிரித்த அந்தப் பயல்கள் கையில் கிடைத்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

“போதும்பா. வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க” என்றான் அண்ணன். அப்பாவுக்கு உயிரே அந்த வீடுதான்.

நான் கிளம்பிப் போனேன். கணக்கைத் திறந்து பார்த்தால் எங்கள் போன்களோடு முன்பின் தெரியாத போன்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாருடையவை என்று கடைசிவரை தெரியவில்லை.

“டிக்கெட் இல்லாத கும்பல். எல்லாரையும் இறக்கி விடும்மா!” என்றார் அப்பா.

எங்கள் போன்களையும் சேர்த்தே இறக்கிவிட்டேன். நான் திரும்பி நின்றுகொள்ள, அவரே நீளமாக ஒரு புதுப் பாஸ்வேர்டு போட்டார். இனி எந்தப் போனிலிருந்து நுழைந்தாலும் அவர் போனுக்கு ஒரு கோடு நம்பர் வரும், அது இல்லாமல் திறக்காது.

“கோட யாருக்கும் சொல்லக் கூடாதுப்பா. நானே கேட்டாலும்.”

“நீ கேட்டாலுமா?”

“என்னை மாதிரி வேற யாராவது பேசலாமே.”

ஊருக்குத் திரும்பியதும் கேமராவைப் பார்ப்பதற்காக அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். “பாஸ்வேர்டும் கோடும் சொல்லுங்கப்பா.”

“மாட்டேன்.”

“நான் உங்க பொண்ணுப்பா!”

“திருடனும் அதையேதான் சொல்வான்.”

அண்ணன் குதித்தான். “அப்புறம் கேமரா எதுக்குப்பா? விழுந்து கிடந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தினம் காலைல கூப்பிடுங்க. நான் எடுக்கலன்னா எதிர்வீட்டு மெக்கானிக்கக் கூப்பிடுங்க, அவன்கிட்ட சாவி குடுத்துட்டேன். நான் இந்த வீட்ட விட்டு வரதா இல்ல.”

மறுநாள் காலை கூப்பிட்டேன். என்ன பேசுவதென்று தெரியாமல், “எப்படி இருக்கீங்கப்பா?” என்றேன்.



“கேமரா மாட்டினதுலேர்ந்து இத யாருமே கேக்கலம்மா” என்றார்.