தண்ணீர்ப் படத்தில் நின்ற வெளிச்சம்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்கு வந்த நோயோடு வீட்டில் ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பல்லடத்தில் தறி ஓட்டிய அவருக்கு முதலில் அறுந்த நூலை முடிச்சுப் போட வரவில்லை. விரல் நழுவியது. கோயமுத்தூர் டாக்டர், மோட்டார் நியூரான் நோய் (தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது) என்றார். குணமாக்க மருந்தில்லை என்பதை மெதுவாகச் சொன்னார்.

பேச்சு போனது. விழுங்குவதும் போனது. மூக்குக் குழாய் (கஞ்சியை நேராக வயிற்றுக்குக் கொண்டுபோவது) வைத்தார்கள். வாயில் தண்ணீர் விட்டால் நுரையீரலுக்குப் போய்விடும், கூடாது என்றார்கள். அறிவு மட்டும் அப்படியே இருந்தது.

இன்ஜினியரிங் காலேஜ் டீச்சரம்மா ஒருவர் கட்டிலருகே கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார். திரையில் வலி, தண்ணீர், திருப்பிப் படுக்க வை என்று படங்கள். வெளிச்சம் படம் படமாக நகரும். வேண்டிய படத்துக்கு அது வரும்போது, அசைகிற ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் அதைப் பேசும். தொட எனக்குப் பயம். டீச்சர் வரும்போதுதான் போடுவோம்.

என் வீட்டுக்காரர் அழுத்தியதெல்லாம் தண்ணீர். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். மறுபடியும் தண்ணீர். தப்பாக அழுந்துகிறதோ என்று டீச்சர் வெளிச்சத்தின் வேகத்தைக் குறைத்தார். அப்போதும் தண்ணீர்தான்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "குடிக்க முடியாதவருக்குத் தண்ணியைக் காட்டறது பாவமுங்கம்மா. இந்தப் படத்தை எடுத்துப்போடறேனுங்க" என்றார்.

வெளிச்சம் சுற்றி வந்தது. அவர் அதையே அழுத்தினார். பார்வை என்மேல் இல்லை. வெயிலில் வந்து வேர்த்து நின்ற டீச்சர்மேல் இருந்தது. எங்கள் பக்கம் வீடேறி வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். வந்த காரியம் அப்புறம்தான்.

"தண்ணி அவருக்கில்லீங்க கண்ணு. உங்களுக்குங்க" என்றேன்.

டீச்சர் வாங்கிக் குடித்தார். "முழுசாக் குடிச்சுப்போட்டேனுங்க ஐயா" என்று காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். அவர் கண் சிரித்தது. அடுத்த தடவை வந்தபோது டீச்சர், 'வாங்க' என்று கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்தார்.

ஒரு காலையில் அந்த விரலும் நின்றது. வெளிச்சம் மட்டும் படம் படமாகச் சுற்றியது. டீச்சர் அணைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்துக்கு முன்பே என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

இப்போது யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. உள்ளே ஏதோ சுற்றி வரட்டும் என்று காத்திருக்கிறேன். என் விரல் தானாக அழுந்துகிறது. யாராவது வந்தால் சொம்போடு போய் நிற்கிறேன். அவர் பொத்தானை அழுத்திச் சொல்லட்டும் என்று நீட்டாமல் நிற்கிறேன்.

நோயின் பெயர், குழாய் வைத்தது பேச்சு போவதற்கு முன்பா பின்பா என்பதெல்லாம் தப்பாயிருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். தண்ணீரை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.