கறிவேப்பிலை மரத்தின் மேல் விழுந்த பழி

மலேசியாவின் கூலாயில் ஒரு வரிசை வீட்டில் வசிக்கும் கஸ்தூரிக்கு நாற்பத்தெட்டு வயது. பக்கத்து ஊரான செனாயில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தரச் சோதனை வேலை. பழுதான பொருளைக் கையில் கொடுத்தால், "எப்போதிலிருந்து இப்படி?" என்றுதான் முதலில் கேட்பார். யார் செய்தது என்று கேட்கமாட்டார். ஒருமுறை மேலாளர், ஒரு நேப்பாளத் தொழிலாளிமீது பழியைப் போட்டு அறிக்கை எழுதிக் கொண்டுவந்தார். கஸ்தூரி கையெழுத்துப் போட மறுத்து, இயந்திரத்தின் சூட்டை அளந்து குறை எங்கே என்று காட்டினார். அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவரும் யாரிடமும் போய் நிற்கவில்லை.

சென்ற அக்டோபரில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி தகராறு செய்யத் தொடங்கியது. தூறல் விழுந்தாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து கறுத்துவிடும். மழை விட்டு மற்ற வீடுகளில் படம் திரும்பிய பிறகும், இவர்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் வராது. கணவர் சபாபதி பழுதுபார்ப்பவரை அழைத்தார். வந்தவர் வண்டியிலிருந்து ஏணியைக்கூட இறக்கவில்லை. கேட் அருகே நின்றபடியே பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மரத்தைக் காட்டினார்.

"மரந்தாண்ணே. வெட்டிடுங்க, ஓகே ஆயிடும்லா."

அந்த மரம் ராசம்மாவுடையது. கணவர் இறந்த பின், இலையைக் கட்டுக் கட்டாகக் காலைச் சந்தையில் விற்றுத்தான் பிழைக்கிறார். இருப்பது வாடகை வீடு. சபாபதி போய்ச் சொன்னதும், "சரி தம்பி, ஞாயித்துக்கெழம வெட்டிக்குங்க" என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஸ்தூரியைச் சுட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாத வாசலாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

"அந்த மரம் ஒம்பது வருசமா அங்கதான் நிக்குது. போன மாசம்தான் டிவிக்கு ஆகாமப் போச்சா?" என்று கணவரிடம் கேட்டார்.

"அவன் டெக்னீஷியன். நீ என்ன டெக்னீஷியனா?"

"இருபத்தாறு வருசமா வேற என்ன செய்றேன்?"

சனிக்கிழமை நண்பகல், நல்ல வெயில். ராசம்மா காலையிலிருந்தே கீழ்க்கிளைகளை ஒடித்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மரம் போவதற்குள் கிடைப்பதாவது கிடைக்கட்டும் என்றுதான். கஸ்தூரி அவரிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். தொழிற்சாலை வழக்கம் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் அளக்க வேண்டும். தொலைக்காட்சியில் சிக்னல் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து, சபாபதியை எதிரே உட்காரவைத்தார்.

"எவ்வளவு?"

"எம்பத்திரண்டு!"

தங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த கிளைகளைக் கயிற்றால் இழுத்து ஒதுக்கிக் கட்டினார்.

"இப்ப?"

"அதே எம்பத்திரண்டு!"

கயிற்றை அவிழ்த்துவிட்டு, ரப்பர் குழாயால் மரம் முழுவதையும் நனைத்தார். எண் அசையவில்லை. சபாபதி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மரத்த எதுக்குக் குளிப்பாட்டுற?"

"ஆட்ட வெட்டறதுக்கு முன்னாடி குளிப்பாட்டறதில்ல? அது மாதிரிதான். நீங்க நம்பரப் பாருங்க."

அடுத்து, தண்ணீரைக் கூரையோரம் இருந்த செயற்கைக்கோள் அலைவாங்கித் தட்டின்மீது பீய்ச்சினார்.

"இப்ப?"

"அலமாக்! முப்பது... பதினெட்டு... போச்சு!"

கஸ்தூரி ஏணியில் ஏறினார். தட்டு பார்ப்பது ஏறக்குறைய வானத்தின் உச்சியை. மரம் நிற்பதோ பக்கவாட்டில், கூரை உயரத்துக்கு. தட்டுக்கு எதிரே நீண்டிருந்த கம்பியின் முனையில், அலைகளை வாங்கும் உருண்டையின் முகத்தில், கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். தண்ணீரைக் குடித்து அது ஊறிப் போயிருந்தது; அந்த ஈரம் காயும்வரை அலை உள்ளே போகாது.

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் சபாபதி, ஆயுதபூசை வந்தால் மோட்டார் சைக்கிள், மின்விசிறி, சோறு ஆக்கும் சட்டி எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். இந்த ஆண்டு தட்டுவரை ஏறியிருக்கிறார். பூசைக்கு மூன்றாம் நாள் பெய்த மழையில்தான் படம் முதன்முதலாகப் போனது.

"சாமி பொட்டையே கொற சொல்றியா?"

"வச்ச எடத்தச் சொல்றேங்க. உங்க மூக்குக்கண்ணாடி மேல சந்தனத்த அப்பிக்கிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவீங்களா?"

கஸ்தூரி ஈரத்துணியைக் கையில் கொடுத்து அவரையே ஏறித் துடைக்கவைத்தார். மறுபடி தண்ணீர் பீய்ச்சினார். எண்பது. நான்கு மணிக்கு நிஜமான மழையே பெய்தது. படம் உடையாமல் ஓடியது.

"ராசம்மா அக்காகிட்ட சொல்லிட்டு வாங்க."

"மழை விடட்டும். இல்லன்னா நீ சொல்லேன்."

"வெட்டறேன்னு சொல்ல என்னையா அனுப்புனீங்க?"

சபாபதி குடையோடு போனார். ராசம்மாவின் கூடம் முழுக்க இலைக்கட்டுகள்.

"மரம் காரணமில்லக்கா. நாந்தான்."

ராசம்மா கட்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கீழ்க்கெள பூரா ஒடிச்சாச்சே தம்பி. இத்தனையும் ஒத்தையா நான் எப்படித் தூக்கிட்டுப் போவேன்?"

மறுநாள் காலை ஐந்தரைக்கு, மரம் வெட்டப் பாராங் கத்தி தூக்கியிருக்க வேண்டிய சபாபதி, மோட்டாரின் முன்னும் பின்னும் கறிவேப்பிலைக் கட்டுகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். கஸ்தூரி கேட்டைத் திறந்துவிட்டார். மோட்டாரின் முகப்பு விளக்கில் இருந்த பொட்டையும் துடைத்துவிட்டுத்தான் அனுப்பினார்.