ஊதாக் கோடு போட்ட வேலி

என் அக்கா சாரதாவின் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் மாமா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. கெட்டுப்போன போர்டைக் கையில் எடுத்தால் அதனிடமே "என்ன சாமி ஆச்சு உனக்கு?" என்று விசாரிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வேட்டை நாய் ஆசை வந்ததற்கு எங்கள் ஹவுஸ் ஓனர் கிளைட்தான் காரணம்.

2000 அக்டோபரில் ஒரு ஞாயிறு, கிளைட் மாமாவைத் தன் மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போய், தன் கிழட்டு நாய் காடை தேடுவதைக் காட்டினார். திரும்பி வந்த மாமா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பாஞ்சா புடிச்சிரலாம் ஜலஜா. ரெண்டே அடி. ஆனா பாயல. ஒத்தக் காலைத் தூக்கிட்டுச் செலையாட்டம் நிக்குது. ஆராச்சும் சொன்னாங்களா? இல்ல. அதுக்கே தெரியுது."

"எங்கக்காவும் கால் மணி நேரமா ரசக் கிண்ணத்தோட செலையாட்டம் நிக்கறா மாமா. அது உங்க கண்ணுக்குத் தெரியல," என்றேன். ஆஸ்டினில் எம்.எஸ். படித்துக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். கொழுந்தியாள் என்கிற உரிமையில் வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை. நவம்பரில் கிளைட்டிடமே ஒரு குட்டியைக் கேட்டுவிட்டார்.

இரண்டு மாதக் குட்டி. வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள். பறவை வாசம் பட்டால் உறைந்து நின்று காட்டுகிற பாயின்டர் ஜாதி. கிளைட் பேசும்போது கீழ்த்தாடை அசையாது. "வெ...ல், நன்...ஜூ" என்று அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் நாம் ஒரு காபி குடித்துவிடலாம். அன்றைக்கு மட்டும் சுருக்கமாகப் பேசினார். இது கொஞ்சுகிற நாய் இல்லை. பிப்ரவரி கடைசி ஞாயிறோடு காடை சீசன் முடிகிறது. அதற்குள் பறவைக்கு முன்னால் பத்து எண்ணும்வரை இது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தன்னிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்றார்.

திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாமா கேட்டார். கிளைட் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பீக்கன் மரத்தைத் தாடையால் காட்டினார். மரத்தடியில் ஓரிடத்தில் மட்டும் புல் முளைத்திருக்கவில்லை. போன வருஷத்துக் குட்டியாம். வெடிச் சத்தத்துக்குப் பயந்ததாம்.

நான்தான் கார் ஓட்டினேன். மாமா மடியில் குட்டி தூங்கியது. ரொம்ப தூரம் போன பிறகு, "மணின்னு வெச்சுக்கலாம்," என்றார்.

"நம்மூர்ல பாதி நாய்க்கு அதுதான் பேரு மாமா."

"அட, இருக்கட்டும் புள்ள," என்றார். குட்டியின் காதை மூடினாற்போல் ஒரு கையை வைத்திருந்தார்.

டிசம்பரில் மாமா தூண்டில் கம்பின் நுனியில் ஒரு காடைச் சிறகைக் கட்டிக் கொல்லையில் இழுத்து விளையாடினார். மணி துரத்தும், விழும், புல்லைக் கவ்வும். ஒரு வாரம் கழித்து, சிறகு தரையில் உட்கார்ந்ததும் அரை நொடி நின்றது. மாமா ஓடிவந்து அக்காவைத் தூக்காத குறை. அந்த மாதம் பனிமழை கொட்டி, ஊர் முழுக்க மரக்கிளைகள் கண்ணாடிபோல் உறைந்து டப் டப்பென்று முறிந்து விழுந்தன. நானும் அக்காவும் ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளினோம். மணி தலையைக்கூடத் தூக்கவில்லை. "பாத்தீங்ளா, பயமே கெடையாது," என்று மாமா இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தார். கிளைட்டுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

கிளைட் பன்னிரண்டு காடைகளைக் கூண்டோடு கொண்டுவந்து எங்கள் கராஜில் வைத்தார். இரண்டு விதிகள் சொன்னார். முதலாவது, காடைகள் மனுஷ முகம் பார்க்கக் கூடாது. ஆளைக் கண்டால் விர்ரென்று பறக்கிற பறவைதான் குட்டிக்குப் பாடம் சொல்லும். பறக்காத பறவையைக் குட்டி பிடித்துவிடும். பிடிக்கப் பழகினால் பிறகு அது ஏன் நிற்கப்போகிறது? இரண்டாவது, துப்பாக்கி கடைசியில்தான். பறவைமேல் பைத்தியம் பிடித்த பிறகு, தூரத்திலிருந்து ஒரு வெடி, அவ்வளவுதான். அவசரப்பட்டு வெடித்தால், பறவை வாசம் பட்டாலே வெடிக்கும் என்று அதன் மண்டையில் ஏறிவிடும். அப்புறம் இறக்கவே முடியாது.

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் விதிகளைத் தமிழில் ஒப்பித்தார்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை கிளைட்டின் நிலத்தில் முதல் பாடம். மஞ்சள் புல், சாம்பல் வானம், மேலே இரண்டு கழுகுகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு காடையைப் புல் கொத்துக்கு அடியில் வைத்தார்கள். மணி மோந்துகொண்டே போய், ஒரு காலைத் தூக்கி நின்றது. கிளைட் பறவையைக் கிளப்ப முன்னால் நடந்தார். காடை பறக்கவில்லை. புல்லிலிருந்து வெளியே வந்து கிளைட்டின் பூட்ஸைப் பார்த்து ஓடிவந்தது. மணி ஒரே பாய்ச்சல். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கிளைட் குட்டியின் வாயைத் திறந்து பறவையை எடுத்தார். ஒன்று, என்று விரல் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமையும் அதுவேதான். இந்த முறை மணி நிற்கவேயில்லை. நேராகப் போய்க் கவ்விக்கொண்டு எங்களைப் பார்த்து வாலாட்டியது. கிளைட் இரண்டு விரல் காட்டிவிட்டு, மூன்றாவதும் பிடித்தால் கடைசி ஞாயிறுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேராகக் கராஜுக்குப் போனார். அங்கே அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் ஊறவைத்த கம்பை வைத்துக்கொண்டு, "பா... பா... பா..." என்று கோழியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்துக் காடைகளும் அவள் கையைச் சுற்றி மொய்த்திருந்தன. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று.

"என்ன சாரதா இது?" என்றார் மாமா.

"ஏனுங்க, பனியில வெறைச்சுக்கிட்டுக் கெடந்துதுங்க. கிளைட் குடுத்த தீனி மரத்தூளாட்டம் இருக்குது. நம்ம வீட்டுல இருக்கறதுக்கு ஒரு வாய் குடுக்காம எப்படிங்க இருக்கறது?"

"நீ குடுக்கற ஒவ்வொரு வாய்க்கும் அவன் உசுரு போகுதடி! ஆளைப் பாத்தாப் பறக்கோணும். நீ ஆளைப் பாத்தா ஓடியாரப் பழக்கிட்டியே!"

அக்கா கையை உதறவும் மறந்து எழுந்து நின்றாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.  

கிளைட்டிடம் சொல்லி வேறு பறவை கேட்கலாம் என்றேன். சொன்னால் அக்காவைத் திட்டுவார், குட்டியையும் அன்றைக்கே எடுத்துக்கொள்வார் என்று மாமா பயந்தார். அவருக்கு வேறு யோசனை இருந்தது. காட்டுக் காடை. அது ஆளை நம்பாது. கட்டாயம் பறக்கும். அதுவரை கிளைட்டிடம் ஏதேதோ சாக்குச் சொல்லிச் சனிக்கிழமைப் பாடத்தைத் தள்ளிப்போட்டார்.

பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் மணியோடு லிபர்ட்டி ஹில் தாண்டி வெகுதூரம் போனோம். வீடே இல்லாத இடம். முள்ளுச்செடி, கற்றாழை, முழங்கால் உயரப் புல். கம்பிவேலிக் கால்களில் ஒன்று விட்டு ஒன்றாக இடுப்புயரத்தில் ஊதா பெயின்ட் அடித்திருந்தது. போர்டு எதுவும் இல்லை.

"இது என்னங்க, எல்லாத்துலயும் ஊதாக் கலரு?" என்றாள் அக்கா.

"நம்மூர்ல ரோட்டோரப் புளியமரத்துக்கு வெள்ளை அடிக்கறதில்லையா? ஹைவேஸ்காரன் அடிச்சிருப்பான்," என்றார் மாமா. ஆனாலும் தயங்கினார். "ஆரையாச்சும் கேட்டுட்டுப் போலாமா?"

நான் கிளைட்டின் குரலை எடுத்தேன். தாடையை இறுக்கி, "வெ...ல், நன்...ஜூ, இங்க ஆள் ஏது? வேணும்னா மேல சுத்தற கழுகுகிட்டப் போய்க் கேட்டுக்கலாம்," என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் மாமா கம்பியை மிதித்து எங்களுக்கு வழி விட்டார். நான் முதலில் நுழைந்தேன்.

அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. காற்று மட்டும் திசை மாறிக்கொண்டிருந்தது. பிறகு மணி திடீரென்று பாதி அடியில் உறைந்தது. வால் கம்பிபோல் நீட்டியிருந்தது. வலது முன்னங்கால் மடங்கி அந்தரத்தில். ஐந்து மாதக் குட்டியின் வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

மாமா மூச்சுக்குள் எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு..." அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு. எட்டு. மணியின் மூக்கு நுனி துடித்தது, கால் துடிக்கவில்லை. "பத்து." மாமாவின் கண்ணில் நீர் வழிந்தது. அவர் நிறுத்தவில்லை. நடந்து போய்ப் பறவையைக் கிளப்பவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்க ஆசை. "பதினஞ்சு... பதினாறு... பதினேழு..."

எங்களுக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தது.

அதே நொடியில் மணியின் முகத்துக்கு நேரே பத்துப் பன்னிரண்டு காடைகள் சீறிக்கொண்டு எழுந்தன. மணி போட்ட அலறலை நாய் போட்டது என்றே என்னால் நம்ப முடியவில்லை. புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடி மறைந்தது.

திரும்பினால், ஆம்பளைக் கோட்டு மாட்டிய ஒரு கிழவி. எழுபது வயதிருக்கும். வானத்தைப் பார்த்திருந்த குழல் மெதுவாக எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.  "உங்களுக்குப் பெயின்ட் படிக்கத் தெரியாதா?" என்று கத்தினாள். ஊதா என்றால் உள்ளே வராதே என்று அர்த்தம். டெக்சாஸில் அது சட்டம். எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மை டாக், மேடம். ப்ளீஸ், மை டாக்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் வேலிவரை குழலை இறக்காமலே எங்களை நடத்திக்கொண்டு வந்தாள்.

இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்று கூப்பிட்டோம். மணி எங்கள் காருக்கு அடியிலேயேதான் இருந்திருக்கிறது. டயருக்குப் பின்னால், தன் மூத்திரத்திலேயே படுத்துக்கொண்டு, சத்தமே போடாமல்.

அதன் பிறகு கராஜ் கதவு திறந்தால் போதும், காடை வாசத்துக்கு மணி வயிற்றால் தவழ்ந்து ஓடி ஒளிந்தது. மாமா தினமும் வேலை முடிந்து வந்து, ஒரு சிறகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தள்ளியே உட்கார்ந்திருப்பார். அது ஒரு நாளும் கிட்ட வரவில்லை. அக்கா கம்பு ஊறவைப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசி ஞாயிறு வந்தது. கிளைட் தன் பிக்கப்பை எங்கள் வாசலில் நிறுத்தினார். பின்னால் நாய்ப்பெட்டி. கையில் ஒரு பையில் உயிருள்ள காடை. பையைத் தரையில் வைத்ததுதான் தாமதம், மணி மாமாவின் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு எங்கள் காருக்கு அடியில் புகுந்தது.

கிளைட் குனிந்து பார்த்தார். ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். அடியிலிருந்து ஈரம் வழிந்து சிமென்ட் தரைக்கு வந்தது.

யார் இதன் தலைக்கு மேலே சுட்டது என்று கேட்டார்.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். கம்பு, காட்டுக் காடை, ஊதா பெயின்ட், கிழவி. தன் தப்பு என்றார், அக்கா பெயரை எடுக்கவில்லை. கடைசியில், "ஹி ஸ்டுட், சர். செவன்டீன். ஐ கவுன்டட்," என்றார்.

கிளைட் நிமிர்ந்தார். நம்புகிறேன் என்றார். அதனால்தான் இன்னும் மோசம், நல்ல நாய் போச்சு என்றார். பிறகு பிக்கப்பின் பின்கதவை இறக்கி, நாய்ப்பெட்டியைத் திறந்து, கயிற்றுக்காகக் கையை நீட்டினார்.

மாமா கயிற்றைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று.

"நோ, சர்."

"வெ...ல்," என்றார் கிளைட். கோபம் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல்களை, கூரையை, கராஜைத் தன் சொத்தைச் சரிபார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். லீஸ் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது இல்லையா, என்றார். அன்றைக்கு வீடு காலியாக இருக்க வேண்டும். பின்கதவை மூடிவிட்டு, காடைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க," என்றாள் அக்கா, "நாயோட நம்மள ஆருங்க சேத்துக்குவாங்க?"

"பேப்பர்ல நம்பர் இருக்கும். ஒவ்வொண்ணாக் கூப்புடு. நாய் இருக்குதுன்னு மொதல்லயே சொல்லீரு."

அக்கா பேப்பர் எடுக்க உள்ளே போனாள். மாமா போட்டிருந்த நல்ல சட்டையோடு அந்த ஈரச் சிமென்டில் குப்புறப் படுத்து, காருக்கு அடியில் கையை நீட்டினார். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அது அவர் கையைப் பார்க்கவில்லை. ரோட்டில் பிக்கப் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.