பின்சுவரில் அடித்த ஆணி

சரிவில் முக்காலியை நிறுத்தும்போது இரண்டு காலைப் பள்ளத்துப் பக்கமும் ஒன்றை மேட்டுப் பக்கமும் ஊன்ற வேண்டும். மாற்றி ஊன்றினால் அளவைக் கருவி உருண்டுபோய் யார் கூரையிலாவது விழும். செம்பூர் மலைச்சரிவில் அன்று ஊன்றியது என் சாச்சி வீட்டு வாசலில். வாப்பாவின் தம்பி மனைவி. முதல் மழை ஓய்ந்து வெயில் அடித்த நாள். கருவியில் வெயில் படக் கூடாது என்றேன். சாச்சி குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு, என்னைக் காயவிட்டுச் சிரித்தாள்.

தடுப்புச் சுவர் கட்டுவதற்காகச் சரிவை அளந்துகொண்டிருந்தோம். மழைக்கு முன் நட்ட முளைகள் நாலு விரல் கீழே இறங்கியிருந்தன. இன்ஜினியர் அலட்டிக்கொள்ளவில்லை. நாங்கள் அளக்கும் கோட்டுக்குள் வந்தால் மாற்று வீடு கிடைக்கும் என்று எவனாவது கிளப்பிவிட்டால் போதும், இங்கே ஜனங்கள் முளையைப் பிடுங்கித் தோதான இடத்தில் நட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சாச்சி வீட்டுப் பின்சுவரில் அடையாளத்துக்கு ஓர் ஆணியும் அடித்திருந்தோம். அதுவும் இறங்கியிருந்தது. மறுபடி அளந்தேன். இன்ஜினியரும் அளந்தார். முளையைப் பிடுங்கலாம், சுவரை எவன் பிடுங்கி நடுவான்?

அன்றே எல்லாரையும் இறங்கச் சொல்லி இன்ஜினியர் வீடு வீடாகப் போனார். யார் கேட்டார்கள்? மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பு நடந்த சமயம் அது. கதவுகளில் நம்பர் எழுதியாகிவிட்டது. ஆபீஸ் ஆட்கள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் பெயர் போய்விடும். அதனால் கல்யாணத்துக்குப் போனாலும் ஒருவரைக் காவலுக்கு விட்டுவிட்டுத்தான் போவார்கள். சாச்சா தாராவித் தோல் பட்டறையில் இருந்தார். பிள்ளைகளைக் கோவண்டியில் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாச்சி மட்டும் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினேன், கத்தினேன். பாவி மகள், அசையவில்லையே.

"ஏலே, இருவது வருசமா இந்த வீட்டக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன். இப்பப் போயி பூட்டிட்டு எறங்கச் சொல்லுதியே. ஆபீசுக்காரன் வந்து பாத்துட்டுப் போவட்டும், நானே எறங்கி வாரேன்."

மழை விட்டதும் வருகிறோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். மழை விடவில்லை. ஒரு மதியம், சாச்சி சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, மலை அந்தப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

இப்போது சாச்சாவும் பிள்ளைகளும் மாற்று வீட்டில், ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். உயிர்ப்பலி நடந்த வீடுகளுக்கு முதலில் கொடுத்துவிட்டார்கள். சாவி வாங்கச் சாச்சாவோடு நானும் போயிருந்தேன். வீட்டில் ஆள் இருந்ததா என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை.