அண்ணன் அடைத்த ஓட்டை

கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது, நிறுத்திக் கொடுங்கள் என்று வேனை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் என் அண்ணன் முதலில் சொல்வது, தரையில் ஒரு ஓட்டை போட வேண்டும் என்பதுதான். பாதிப் பேர் அப்போதே முகம் சுளிப்பார்கள். இதனால் ஊரில் அவனுக்கு ஓட்டைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடாக்கிய வேன்கள் அவன் வேலை. அவற்றுக்கு மெத்தையும் திரையும் தைப்பது என் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே கொட்டகை. என் மெஷின் வாசல் பக்கம். வருகிறவர்கள் எல்லோரும் கூரை ஒழுகுவதாகவே நினைப்பார்கள். "மழையெல்லாம் இல்லைங்க, உங்க மூச்சுதான்" என்பான். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், விட்ட மூச்சு குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகும். சுவர்ப் பலகைக்குப் பின்னால் இறங்கி, குளிருக்காக அடைத்த பஞ்சை நனைத்துக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அண்ணன் பலகையைக் கழற்றி, நனைந்ததை வீசிவிட்டு, தகரத்தோடு இடைவெளி இல்லாமல் புது ஃபோம் ஒட்டுவான். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக மரச் சட்டம் அடிப்பான். கூரையில் ஒரு விசிறி வைப்பான். கடைசியாகத் தரையில் அந்த ஓட்டை, வலை போட்டு, மூடி இல்லாமல். மூடி கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்பான். வாடிக்கையாளரிடம் அவன் கடிந்து பேசுவது அந்த ஒன்றுக்குத்தான்.

நல்ல வேலைக்காரன். நிம்மதியான மனிதன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். காலையில் கொட்டகையைத் திறந்ததும், நிற்கிற வேன் ஒவ்வொன்றின் கண்ணாடியையும் உள்ளிருந்து விரலால் தடவிப் பார்ப்பான். ஆளே படுக்காத வண்டியில் என்னத்தைத் தேடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "அவர் மூச்சு" என்றான்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்தார். வேன் தரையில் இருந்த காற்றுத் துளை வழியாகக் குளிர் ஏறுகிறது, அடைத்துக் கொடுங்கள் என்றார். அண்ணனும் தகடு வைத்து, சுற்றிப் பசை பூசி, கச்சிதமாக அடைத்துக் கொடுத்தான். நான் புது மெத்தை தைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் போயிருக்கும். மழையில் வண்டியை மலைப் பக்கம் நிறுத்தி, கூரை விசிறியையும் மூடிவிட்டு, குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்கியிருக்கிறார். உள்ளே காற்று வர வழியே இல்லை, எழுந்திருக்கவில்லை. கேள்விப்பட்டு அண்ணன் ஓடினான். அதற்குள் அவரை எடுத்துப்போய்விட்டார்கள். கண்ணாடி முழுக்க அவர் விட்ட மூச்சு மட்டும் இன்னும் வடிந்துகொண்டிருந்ததாம்.

போலீஸில் போய்ச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவனைத் தடுத்தது நான். "கேக்காதவங்ககிட்ட எதுக்குப் போய்ச் சொல்ற? நீயா அடுப்பப் பத்த வச்ச?" என்றேன். யாரும் வந்து கேட்கவும் இல்லை. நான் சொன்னது சரிதான் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். வண்டிக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தது. அண்ணன் உள்ளே ஏறினான். வெகு நேரமாகியும் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தரை விரிப்பைச் சுருட்டிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு தகடு, சுற்றிலும் அவன் பூசிய பசை. அந்த ஆசிரியரின் வண்டி.

"அப்பா வண்டிங்க," என்றாள் அவள். "இத்தன வருஷமா பூட்டியே கெடந்துச்சு. அம்மா விக்கவும் விடல, தொடவும் விடல. இப்ப நாங்க எடுத்துக்கிட்டோம். உள்ள ஒரே ஈரம். குழந்தைய வச்சுக்கிட்டு எப்படிப் படுக்கறது?"

"இந்த ஓட்டைய அடைச்சது யாருன்னு தெரியுமாம்மா?" அண்ணன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

நான் ஓடிப்போய் உட்கார்ந்து மெஷினை வேகமாக மிதித்தேன். சத்தத்தில் பேச்சு அமுங்கிப் போகட்டும் என்றுதான். ஊசிக்கு அடியில் துணிகூட இல்லை.

"அப்பாதான்," என்றாள் அவள், குரலை உயர்த்தி. "அன்னைக்கு வீட்ல சண்டை. வண்டில வரமாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. கோச்சுக்கிட்டுத் தனியாப் போனாரு. அப்புறம் போலீஸ்காரங்க இந்த ஓட்டையக் காமிச்சாங்க. தானே அடைச்சுக்கிட்டு, வேணும்னே செத்துப் போயிட்டாருன்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. அவர் போட்டோவக்கூட மாட்ட விடறதில்ல. ஒரு வார்த்தை சொன்னதுக்கு என்னைய இப்படித் தண்டிச்சுட்டாரேன்னு இன்னும் அழுவாங்க."

என் கால் தானாக நின்றுவிட்டது. போன உயிர் போய்விட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தால் இனி யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். செத்தவர் தலையில் இப்படி ஒரு பழி விழுந்து கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

"அடைச்சது நான்," என்றான் அண்ணன். "அடைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவர் கேட்டாரேன்னு அடைச்சுட்டேன்."

அவள் கத்துவாள், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட வேணாம். அம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னான். தகடு வைத்தது, பசை பூசியது, தெரிந்தே செய்தது, எதையும் மழுப்பவில்லை. "அவரா எதுவும் பண்ணிக்கலைம்மா" என்று முடித்தான். அந்த அம்மா கேட்டார்: "எதுக்கு அடைக்கச் சொன்னாரு?"

"உங்களுக்காகத்தான்மா. அவளுக்குக் கால்ல குளிர் பட்டா ஆகாது, அதனாலதான் வண்டில வரமாட்டேங்கறா, இத அடைச்சுட்டா கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொன்னாரு."

அழுகை கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"ஒன்பது வருஷமா எங்க இருந்தீங்க தம்பி?" என்றார் அந்த அம்மா.

"இங்கதான்மா இருந்தேன்," என்றான் அண்ணன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.