தன் ராஜினாமாவைத் தானே ஏற்ற கம்பவுண்டர்

நான்கு வருடமாகக் கம்பவுண்டர் தன்னை விடுதலையான ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பாவம் மனுஷன்! வக்கீல் அறையில் அந்த நினைப்பில் மண் விழுந்தது.

"நீங்க விலகினது செல்லாதுங்க. இன்னிக்கும் நீங்கதான் டிரஸ்டி."

மூன்றே அறை கொண்ட இலவச ஆஸ்பத்திரி. அங்கே முப்பது வருடம் மருந்து கலந்து கொடுத்தவரை நம்பி, தன் மகன், மருமகனோடு இவரையும் டிரஸ்டியாகப் போட்டுவிட்டுப் பெரிய டாக்டர் கண்ணை மூடினார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தால்தானே! தலைவராக உட்காருவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, குழாய் ஒழுகினால் ஆள் தேடுவது எல்லாம் இவர் தலையில் விடிந்தது. முழங்கால் தேய்ந்து, கண்ணும் மங்கி, போதும்டா சாமி என்று ஒருநாள் 'தலைவர் அவர்களுக்கு' ராஜினாமா எழுதினார். தலைவர் யார்? இவரேதான். மருந்துப் பாட்டிலில் எழுதும் அதே குண்டு எழுத்தில், கீழே 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சாவியை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

"மத்த ரெண்டு பேரும் சேர்ந்து உங்க இடத்துக்கு இன்னொருத்தரை எழுத்துல போட்டாதான் நீங்க விலக முடியும். டாக்டர் டிரஸ்ட் பத்திரத்துல தெளிவா எழுதியிருக்கார்" என்றார் வக்கீல்.

பக்கத்தில் இருந்த டாக்டர் மகன் ஒரு தாளை நகர்த்தினான். "அதையும் தயார் பண்ணியாச்சு அங்கிள். கையெழுத்து போட்டா இன்னியோட உங்களுக்குத் தொல்லை விட்டுச்சு."

கம்பவுண்டர் பேனாவைத் திறந்தே விட்டார். மறுநாள் காலை மகள் ஊருக்கு பஸ். பெட்டிகூடக் கட்டியாயிற்று.

"நாலு வருஷமா இல்லாத அவசரம் இப்ப என்ன தம்பி?"

"கட்டடத்தை விக்கறோம். உங்க கையெழுத்து இல்லாம பதிய மாட்டேங்கறாங்க."

"என் இடத்துக்கு வர்றவர் யாரு?"

டாக்டர் மகன் மின்விசிறியைப் பார்த்தான். வக்கீல்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வாங்கறவரோட மச்சான்."

இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் டாக்டர் மகன் மேல் மட்டுமல்ல, செத்துப்போன டாக்டர் மேலும்தான். 'என்னை இப்படி மாட்டிவிட்டுட்டுப் போயிட்டீங்களே ஐயா!' எழுந்துபோய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல அப்படி ஓர் அலுப்பு. காலையில் ஆஸ்பத்திரி வழியாகத்தான் வந்திருந்தார். காலில் கட்டோடு ஏழெட்டுப் பேர் பெஞ்சில் நர்ஸம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"எனக்குப் பதிலா ஒழுங்கான ஆளைக் கொண்டு வாங்க தம்பி. அன்னிக்கே விலகிடறேன்."

படியிறங்குவதற்குள் முழங்கால் இரண்டு முறை மடங்கியது. வாசலில் நின்று மகளுக்கு போன் போட்டார்.

"நாளைக்கு வரலைம்மா. நான் இன்னும் விலகவே இல்லையாம்."

"மாடி ஏற முடியாதேன்னு கீழ்ரூம்ல உங்களுக்குக் கட்டில் போட்டாச்சேப்பா."

"தெரியும்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நர்ஸம்மாவிடம் சாவி வாங்க நடந்தார்.