சிங்கக்கால் மேசையும் அப்பாவின் இடது கையும்

வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் எங்களுடையதன் ஹாலில் ஒரு ரோமாபுரி மேசை இருக்கிறது. வட்டமான பளிங்குப் பலகை. அதைத் தாங்க மூன்று சிங்கக் கால்கள், நகம் சகிதமாக. பக்கத்தில் நீளமான சாய்வு மஞ்சம் ஒன்று. அதற்கு முதுகுப் பலகை கிடையாது. தலைமாடு மட்டும் உயர்ந்து சுருண்டு நிற்கும். இரண்டையும் பத்து பாகாட் டவுனில் ஒரு தளவாடக் கடையில் வாங்கினேன். சிம்பாங் ரெங்கம் மாதிரிச் சின்ன ஊரில் இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் சிலர் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். எனக்கு இடுப்பு வலி.

புத்தகம் படிப்பதால் வரும் கெடுதல்களில் இதுவும் ஒன்று. பழைய ரோமாபுரியில் வசதியுள்ளவர்கள் விருந்துக்கு நாற்காலியில் உட்கார மாட்டார்கள், மஞ்சத்தில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி வலது கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தனை பேருக்குமா உடம்பு சரியில்லை?” என்று மலாயில் விசாரித்தார்.

லாரி வந்து இறக்கிவிட்டுப் போன அன்று மனைவி ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“ஏங்க, வீடு மாதிரியே இல்லைங்க. யாரோ பெரிய மனுசனைப் பொதைச்ச எடம் மாதிரி இருக்கு.”

“பளிங்குலா இது.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அப்பா எங்களோடு தங்க வந்தது அதற்கப்புறம்தான். பக்கத்து ஊரான ரெங்கத்தில் தனியாக இருந்தவர், ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்து சேர்ந்தார். பேச்சு திரும்பிவிட்டது, தேவைக்கு மேலேயே. வலது கைதான் திரும்பவில்லை. எடுத்து வைத்த இடத்திலேயே கிடந்தது.

அவர் பஸ் ஓட்டியவர். உத்தியோக காலம் முழுக்க கியர் மாற்றியது அந்த இடது கைதான். ஆனால் சோற்றைத் தொட மட்டும் அதற்கு அனுமதி இல்லை. கரண்டி கொடுத்துப் பார்த்தோம். “எந்தக் கைங்கறதுதான் பேச்சு. கையில என்ன இருக்குங்கறது இல்லை” என்றார். ஊட்டிவிடப் போனால் வாயை இறுக்க மூடிக்கொண்டார். கடைசியில் தட்டை அவர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவது என்று ஏற்பாடாயிற்று. தனியாக, அவசரமாக, திருடித் தின்பவரைப் போல நாலு வாய் சாப்பிடுவார். மீதி அப்படியே திரும்பி வரும். சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து சின்னதாகிக்கொண்டே போயிற்று.

கிளினிக்கில் எடை பார்த்த நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இப்படியே எறங்கிட்டுப் போச்சுன்னா டாக்டர் மூக்குல டியூப் போடச் சொல்லிடுவாரு, அண்ணே. அங்கிளைத் தனியா சாப்பிட வுடாதீங்க. எல்லாரும் இருக்கற எடத்துல வைங்க. சாப்பிடறப்போ மட்டும் படுக்க வைக்காதீங்க, தலகாணி குடுத்து நல்லா நிமித்தி வைங்க.”

தனியாகக் கூப்பிட்டாரே தவிர, குரலைத் தணிக்கவில்லை. காரில் ஏறியதும் அப்பா சொன்னார்: “மூக்குல குழாயை வுட்டானுங்கன்னா புடுங்கிப் போட்டுருவேன்.”

எந்தக் கையால் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

“அப்ப மேசைக்கு வாங்கப்பா.”

“நாலு பேரு பாக்க பீச்சாங்கையால தின்னச் சொல்றியா?”

நாலு பேர் எல்லாம் கிடையாது. நானும் மனைவியும்தான். அவர் கணக்கில் அதுவே நாலு பேர்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாற்காலியில் அவரால் ஒரு சாப்பாட்டு நேரம் உட்கார முடியாது, வலது பக்கம் சரிந்துவிடுவார். ஆகவே சிக்கல் கையில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். படித்தவன் இப்படித்தான் யோசிப்பான். மறுநாள் மத்தியானம் மஞ்சத்தின் தலைமாட்டில் வீட்டிலிருந்த தலகாணிகளை எல்லாம் அடுக்கினேன். அப்பா பெரிய மனது பண்ணி, “சரி, நீங்க தின்னறதைப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று வந்தார். நானும் மனைவியும் சேர்ந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து, ரோமாபுரி வழக்கப்படி இடது பக்கமாகச் சாய்த்து, முழங்கையை ஊன்ற வைத்தோம். பார்க்க செனட்டர் போலத்தான் இருந்தார்.

மேசையின் விளிம்பில் தட்டை வைத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். அசையாத வலது கையைப் பார்த்தார். உடம்பின் பாரமெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்த இடது கையைப் பார்த்தார்.

“ஏன்டா, இருந்த ஒரு கையையும் படுக்கப் போட்டுட்டியே.”

“ஐயோ, அலமாக்!” என்று மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோமாபுரிக்காரர்களுக்கு ஸ்ட்ரோக் வந்தால் என்ன செய்தார்கள் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

“மாமா, அந்தப் பக்கமா திரும்பிக்குங்க” என்றாள். மறுபடி தூக்கி, தலகாணிகளை மாற்றி, வலது பக்கமாகத் திருப்பினோம். இடது கை விடுதலையானது. ஆனால் முகம் சுவரைப் பார்த்தது. முதுகுதான் மேசைக்கு.

“கொஞ்சம் இருங்கப்பா. சோபாவைத் திருப்பிப் போட்டுடறேன், எங்களைப் பாத்தாப்ல இருக்கும்.”

“வேணாம்.”

“ஒரு நிமிசம்தான்பா.”

“இருக்கட்டுங்கறேன்.” இடது கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல, “ஒரு ஸ்டூலு இருந்தா இங்கிட்டுப் போடு” என்றார்.

எனக்கு விளங்குவதற்கு முன் மனைவி பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்துவிட்டாள். சுவருக்கும் மஞ்சத்துக்கும் நடுவே போட்டு, அதன்மேல் தட்டை வைத்தாள். வாயைத் திறக்கப் போன என்னைக் கையில் கிள்ளி மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாப்பிட உட்கார்ந்தோம். பேச ஒன்றும் அகப்படாமல் எண்ணெய்ப்பனை விலையைப் பற்றிப் பேசினோம். எங்களிடம் ஒரு மரம்கூடக் கிடையாது.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ரசத்துல உப்பு எங்க?”

“டாக்டர் எடுத்துட்டாரு மாமா.”

“அவரு வீட்டு ரசத்துல எடுக்கச் சொல்லு.”

அன்று தட்டில் மீதி வரவில்லை.

அடுத்த தடவை எடை பார்த்த மிஸ்ஸி, எடை இறங்கவில்லை, இப்போதைக்கு டியூப் பேச்சு வேண்டாம் என்று சொன்னார். இப்போதைக்கு என்ற சொல்லை நானும் மனைவியும் வீட்டுக்கு வந்த பிறகு ஒருவரிடம் ஒருவர் எடுக்கவில்லை. அப்பா எடுத்தார். “இப்போதைக்குக் குழாய் இல்லைல்ல, இன்னிக்குக் கோழி போடு” என்றார்.

வேளைக்கு வேளை தூக்குகிறோம், திருப்புகிறோம், தலகாணி அடுக்குகிறோம், சாப்பாடு முடிந்ததும் எல்லாவற்றையும் பிரிக்கிறோம். என் இடுப்பு போய்விட்டது. மனைவிக்குத் தோள்பட்டை. வருகிற விருந்தாளிகள் பெரியவருக்கு என்ன கோபம், ஏன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார் என்று காதோரம் கேட்கிறார்கள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் சிரித்துவைக்கிறோம்.

மேசையில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது அவருடைய பிடரியும் இடது தோளும்தான். தோள் ஏறி இறங்கினால் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். அது நின்றால் மனைவி பாத்திரத்தோடு எழுந்து போய், முகத்தை உயர்த்திக் கூரையில் சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே அவர் தட்டில் சோறு போடுகிறாள். பாதி தட்டில் விழும், பாதி தரையில். “எங்கே பாத்தும்மா போடற?” என்கிறார் அப்பா. “நான் பாக்கலை மாமா” என்கிறாள் அவள். தோள் மறுபடி அசையத் தொடங்கியதும் நானும் என் தட்டுக்குத் திரும்புகிறேன்.